மதிப்பெண் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, வரிசை மட்டும் தவறாக வருகிறது: எங்கே தேடுவது?

ஏட்டகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல ஆண்டுக் கட்டுரைகளைத் தேடித் தரும் ஒரு தொகுப்புக்காக எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் 8-ஆம் பதிப்பைப் பயன்படுத்தி வருகிறேன். 5 ஷார்டுகள் (ஆவணங்களைப் பிரித்து வைக்கும் பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெப்ளிகா (நகல் பிரதி). சொற்பொருத்தத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், யாரும் படிக்காத பழைய குறிப்புகள் மேலே வந்துவிடுகின்றன. எனவே மதிப்பெண்ணை மாற்றியமைக்கும் ஃபங்ஷன்-ஸ்கோர் வினவலுக்குள், எலாஸ்டிக்சர்ச்சின் பெயின்லெஸ் மொழியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது செய்வது இவ்வளவுதான்: வினவல் தந்த மதிப்பெண்ணை எடுத்து, அதை லாக்(1 + வாசிப்பு ÷ நாட்கள்) என்பதால் பெருக்கித் திருப்பித் தருகிறது. வாசிப்பு என்பது கட்டுரையைத் திறந்தவர்களின் எண்ணிக்கை. நாட்கள் என்பது வெளியான தேதியிலிருந்து இன்றுவரை உள்ள நாட்கள், மில்லிவினாடி வேறுபாட்டை 86400000-ஆல் வகுத்துப் பெறுகிறேன்.

ஸ்கிரிப்ட் பிழையின்றி ஓடுவதாகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. முதலாவது, தலைப்பில் சொல் பொருந்திய கட்டுரைகள் நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக முன்னே பாய்கின்றன. வாசிப்பு எண்ணிக்கை இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது. இரண்டாவது, சில தேடல்களில் நிச்சயமாக வரவேண்டிய கட்டுரைகள் வருவதே இல்லை. அவற்றைத் தனியே எடுத்துப் பார்த்தேன். எல்லாப் புலங்களும் சரியாகவே இருக்கின்றன. மூன்றாவது, ஒரே தேடலை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பினால் மூன்றாம், நான்காம் இடங்கள் இடம் மாறுகின்றன. சூத்திரத்தை நான்கு விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிரல்வழி

சூத்திரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டாவது தொல்லையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் கட்டுரைகள் காணாமல் போகும் நிலையில் மற்ற இரண்டையும் அளந்து பார்ப்பதில் பயனில்லை.

கட்டுரை வராத ஒரு தேடலின் முழு ஜேசன் (உரைவடிவத் தரவு) விடையையும் எடுத்து, அதன் தலைப்பகுதியில் ஷார்டுகள் என்ற பிரிவைப் பாருங்கள். மொத்தம் 5, வெற்றி 5, தோல்வி 0 என்று இருக்க வேண்டும். தோல்வி என்ற இடத்தில் 1 என்று இருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் ஏதோ ஒரு ஷார்டில் முறிந்து விழுந்திருக்கிறது என்று பொருள். எல்லா ஷார்டுகளும் தோற்றால்தான் வினவல் பிழையாகத் திரும்பும். ஒன்றிரண்டு மட்டும் தோற்றால் ஹெச்டிடிபி 200 என்ற நல்ல குறியீட்டுடன், மீதி ஷார்டுகளில் கிடைத்தவை மட்டும் வந்துவிடும். இதுதான் இயல்பான அமைப்பு. பெரும்பாலான செயலிகள் 200-ஐப் பார்த்ததும் விடைப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் இந்தத் தோல்வி யார் கண்ணிலும் படுவதில்லை.

சோதனைக்காலம் முழுவதும் வினவலோடு அலவ்-பார்ஷியல்-சர்ச்-ரிசல்ட்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று அனுப்புங்கள். அப்போது ஒரு ஷார்டு தோற்றாலும் முழு வினவலும் பிழையாகத் திரும்பும்.

ஏட்டகம்

தாங்கள் சொன்னதேதான். தோல்வி 1. அதன் கீழே உள்ள காரணத்தை விரித்துப் பார்த்தபோது, "ஓர் ஆவணத்தில் இந்தப் புலத்துக்கு மதிப்பே இல்லை, முதலில் சைஸ் பூஜ்யமா என்று சரிபாருங்கள்" என்ற பொருளில் செய்தி இருந்தது. அம்புக்குறி வாசிப்புப் புலத்தைப் படிக்கும் இடத்தில் நின்றது. வேறொரு கோப்பிலிருந்து பின்னர் ஏற்றிய சில கட்டுரைகளுக்கு வாசிப்பு எண்ணிக்கை இல்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. காணாமல் போன கட்டுரைகளுக்கு வாசிப்பு எண்ணிக்கை இருக்கிறதே?

நிரல்வழி

பலரையும் திசைதிருப்பும் இடம் இதுதான். ஸ்கிரிப்ட் ஒரே ஓர் ஆவணத்தில் முறிந்தாலும், அந்த ஷார்டின் தேடல் முழுவதும் கைவிடப்படுகிறது. பழுதான ஓர் ஆவணம், அதே ஷார்டில் இருக்கும் நல்ல ஆவணங்கள் அனைத்தையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. காணாமல் போனதை எத்தனை முறை சோதித்தாலும் அதில் குறை தென்படாது. குறை அதன் அண்டைவீட்டில் இருக்கிறது. தேடிய சொல் அந்தப் பழுதான ஆவணத்தில் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அதைத் தொடுவதே இல்லை, எனவே மற்றத் தேடல்கள் ஒழுங்காக இருக்கும். ரெப்ளிகா இருப்பதும் இங்கே காப்பாற்றாது: ஒரு பிரதி தோற்றதும் இன்னொரு பிரதியிடம் கேட்கப்படும், அங்கேயும் அதே ஆவணம் இருக்கிறது.

பழைய 6-ஆம் பதிப்பு வரை எண் புலத்தில் மதிப்பு இல்லையென்றால் இயல்பாக 0 கிடைத்தது. 7.0 முதல் அது பிழை. பழைய பதிப்பில் எழுதிய ஸ்கிரிப்ட்டை அப்படியே எடுத்துவந்தவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

திருத்தம் எளிது. புலத்தின் சைஸ் 0 என்றால் வாசிப்பை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்

கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. எண்ணிக்கை இல்லை என்பதும் எண்ணிக்கை பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல. யாரும் படிக்கவில்லை என்பது ஒரு செய்தி. யாராவது படித்தார்களா என்று தெரியாது என்பது வேறு செய்தி. ஏட்டகம் எழுதியுள்ள சூத்திரத்தில் வாசிப்பு 0 என்றால் லாக்(1), அதாவது 0. மொத்த மதிப்பெண்ணும் 0 ஆகிவிடும். எதிர்மறை எண்ணல்ல என்பதால் பிழை வராது, ஆவணம் பட்டியலில் இருக்கும், ஆனால் கடைசிப் பக்கத்தில் இருக்கும். காணாமல் போன ஆவணத்தைக் கண்டுபிடித்துப் புதைத்துவிட்டது போலாகும். மதிப்பு இல்லாதவற்றுக்கு நடுவான ஓர் எண்ணைத் தருவதே நியாயம் என்பது என் கருத்து.

இப்போது முதல் தொல்லைக்கு வருகிறேன். நீங்கள் பயன்படுத்துவது ஃபங்ஷன்-ஸ்கோர். அதில் பூஸ்ட்-மோட் என்ற அமைப்பை நீங்கள் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் அது பெருக்கல். அதாவது, ஸ்கிரிப்ட் தரும் எண் வினவலின் மதிப்பெண்ணோடு மீண்டும் பெருக்கப்படும். உங்கள் ஸ்கிரிப்ட்டோ ஏற்கெனவே உள்ளே ஒருமுறை பெருக்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் கட்டுரையின் வினவல் மதிப்பெண் 8, லாக் பகுதி 1.5. இரண்டாவதன் வினவல் மதிப்பெண் 4, லாக் பகுதி 3. உங்கள் மனத்தில் இரண்டும் 12, சமநிலை. உண்மையில் முதலாவதற்கு 8 × 12 = 96, இரண்டாவதற்கு 4 × 12 = 48. சொற்பொருத்தம் இருமடியாகிவிட்டதால்தான் தலைப்பில் சொல் உள்ளவை பாய்ந்து ஓடுகின்றன.

பூஸ்ட்-மோடை ரீப்ளேஸ் என்று வையுங்கள். அல்லது 7.0-இல் வந்த ஸ்கிரிப்ட்-ஸ்கோர் வினவலுக்கு மாறிவிடுங்கள். அதில் ஸ்கிரிப்ட் தருவதே இறுதி மதிப்பெண் என்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

முதல்படி

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். இன்னொரு பழுது இருக்கிறது, அது இதுவரை பேசப்படவில்லை: வகுத்தல்.

பெயின்லெஸ்ஸில் வகுத்தல் ஜாவாவில் உள்ளது போன்றதே. இரண்டு பக்கமும் முழுஎண் என்றால் விடையும் முழுஎண், பின்னம் வெட்டப்படும். வாசிப்பு 45, நாட்கள் 60 என்றால் நீங்கள் எதிர்பார்ப்பது 0.75, அதன்படி லாக்(1.75), ஏறத்தாழ 0.56. கிடைப்பதோ 0, லாக்(1), மதிப்பெண் 0. நாளொன்றுக்கு ஒருவர்கூடப் படிக்காத கட்டுரைகள் அனைத்தும், அதாவது ஒரு பழைய தொகுப்பில் பெரும்பாலானவை, ஒரே அடியில் பூஜ்யமாகின்றன. 60 நாளில் 119 வாசிப்பு பெற்றதற்கு லாக்(2), 0.69, 120 பெற்றதற்கு லாக்(3), 1.10. ஒரே ஒரு வாசகர் கூடியதால் மதிப்பெண் ஒன்றரை மடங்குக்கு மேல் தாவுகிறது. எத்தனை சூத்திரம் மாற்றினாலும் இது படிக்கட்டாகத்தான் இருக்கும்.

அதைவிட மோசமானது, இன்று வெளியான கட்டுரை. 24 மணி நேரம் ஆகாததால் நாட்கள் 0. முழுஎண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஸ்கிரிப்ட் முறியும். நிரல்வழி சொன்ன ஷார்டு தோல்வி மறுபடியும் வரும். புதுக் கட்டுரை வெளியாகும் நாட்களில் மட்டும் தேடல் நோய்வாய்ப்பட்டு மறுநாள் தானே குணமாகிவிடும். தசம எண்ணாக மாற்றிவிட்டால் முறிவு நிற்கும், ஆனால் முடிவிலி கிடைக்கும்; வாசிப்பும் 0 என்றால் 0 ÷ 0, எண்ணே அல்லாத NaN (நாட்-எ-நம்பர்) என்ற மதிப்பு. அதையும், எதிர்மறை எண்ணையும், 7.0-க்குப் பிறகு மதிப்பெண்ணாக ஏற்பதில்லை. எனவே வகுக்கும் எண் எப்போதும் குறைந்தது 1 ஆக இருக்கும்படி மேத்.மேக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே இனத்தில் இன்னொன்று: 30 நாளை மில்லிவினாடியாக்க 30 × 86400000 என்று ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுகிறார்கள். சாதாரண முழுஎண்ணின் உச்சம் 2147483647. 24 நாள் வரை அதற்குள் அடங்கும். 25 நாளிலிருந்து வழிந்து எதிர்மறையாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. எண்ணின் இறுதியில் எல் என்ற எழுத்தைச் சேர்த்து லாங் வகையாக்க வேண்டும்.

ஏட்டகம்

நெஞ்சார்ந்த நன்றி. பூஸ்ட்-மோட், வகுத்தல், இல்லாத மதிப்பு மூன்றையும் திருத்தினேன். தோல்வி இப்போது 0. ஆனால் இந்த மூன்று பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன என்பது கவலை தருகிறது. ஒரு குறிப்பிட்ட ஆவணத்துக்கு ஸ்கிரிப்ட்டின் உள்ளே என்னென்ன எண்கள் வருகின்றன என்று பார்க்க வழியுண்டா? எக்ஸ்பிளைன் போட்டுப் பார்த்தேன். வினவல் மதிப்பெண் எப்படி வந்தது என்று சொல்படி விரிக்கிறது, ஸ்கிரிப்ட் வந்ததும் விடையை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

முதல்படி

ஆம், ஸ்கிரிப்ட்டின் உள்ளே எக்ஸ்பிளைன் நுழையாது. மூன்று வழிகள் இருக்கின்றன.

புலத்தின் வகையில் ஐயம் இருந்தால் டீபக்.எக்ஸ்பிளைன் என்று எழுதி அதற்குள் அந்தப் பொருளைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் வேண்டுமென்றே முறிந்து, அதன் வகையையும் மதிப்பையும் பிழைச்செய்தியில் காட்டும். தேதிப் புலம் எண்ணாக வரும் என்று நினைத்திருப்போம். வருவது நேரமண்டலத்தோடு கூடிய தேதிப்பொருள், அதிலிருந்து மில்லிவினாடியை நாம்தான் எடுக்க வேண்டும் என்பது இப்படித்தான் தெரியவரும்.

இரண்டாவது, பெயின்லெஸ் எக்ஸிக்யூட் என்ற முகவரி. சூழல் ஸ்கோர் என்று குறிப்பிட்டு, இண்டெக்ஸின் (ஆவணங்கள் சேமிக்கப்பட்டுள்ள தொகுதியின்) பெயரையும் ஒரு மாதிரி ஆவணத்தையும் தந்தால் ஸ்கிரிப்ட்டை அந்த ஆவணத்தின் மீது மட்டும் ஓட்டிக் காட்டும். வாசிப்பு இல்லாதது, வாசிப்பு 0, இன்று வெளியானது, எதிர்காலத் தேதி தவறாகப் பதிவானது என நான்கு ஆவணங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் எந்த ஸ்கிரிப்ட்டையும் வெளியே விடுவதில்லை.

மூன்றாவது, உங்கள் கேள்விக்கு நேர் விடை: ஸ்கிரிப்ட்-ஃபீல்ட்ஸ். நாட்கள், விகிதம், லாக் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் கணக்குப் புலமாகக் கேட்டு வாங்கலாம். அங்கே வினவலின் மதிப்பெண் கிடைக்காது. அதை எக்ஸ்பிளைன் விடையிலிருந்து எடுத்து, கையால் பெருக்கி, இறுதி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நிரல்வழி

ஒரு கேள்வி. இப்போதைய நேரத்தை ஸ்கிரிப்ட்டுக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்?

ஏட்டகம்

செயலியில் நேரத்தை எடுத்து, ஸ்கிரிப்ட் எழுத்துக்கோவையின் நடுவே எண்ணாக ஒட்டிவிடுகிறேன். தேடுபவர்கள் அதிகமாகும் வேளைகளில், கம்பைல் (ஸ்கிரிப்ட்டை இயங்கும் வடிவுக்கு மாற்றுதல்) வரம்பு மீறியது என்ற பிழை இடையிடையே வருகிறது. வரம்பைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிரல்வழி

கூட்ட வேண்டாம். ஒட்டிய எண் மாறும்போதெல்லாம் எலாஸ்டிக்சர்ச்சுக்கு அது புதிய ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றையும் புதிதாகக் கம்பைல் செய்கிறது. 8-ஆம் பதிப்பில் இயல்பான வரம்பு 5 நிமிடத்துக்கு 150. அதைக் கூட்டுவது, ஒழுகும் குழாயின் கீழ் பெரிய வாளி வைப்பதற்குச் சமம். ஸ்கிரிப்ட்டின் எழுத்து ஒருபோதும் மாறக்கூடாது. மாறுபவை அனைத்தும் பேரம்ஸ் (ஸ்கிரிப்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) வழியாக உள்ளே வர வேண்டும். நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு வட்டமாக்கி அனுப்பினால் அடுத்தடுத்த இரண்டு தேடல்களுக்கு வேறு வேறு நேரம் செல்வதும் நிற்கும். உங்கள் மூன்றாவது தொல்லையில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம்.

மீதிப் பங்கு ரெப்ளிகாவால். சொற்பொருத்த மதிப்பெண்ணைத் தரும் பிஎம்25 கணக்கில் ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் இருக்கிறது என்ற எண் தேவை. அந்த எண்ணில், அழித்துவிட்டாலும் இன்னும் கோப்பிலிருந்து துடைக்கப்படாத ஆவணங்களும் சேரும். அவை துடைக்கப்படும் நேரம் முதன்மைப் பிரதியிலும் ரெப்ளிகாவிலும் வேறுபடும். எனவே ஒரே ஆவணத்துக்கு இரண்டு பிரதிகளும் சற்றே வேறான மதிப்பெண் தரலாம், நெருக்கமான இடங்கள் மாறிவிடும். வினவலோடு பிரிஃபரன்ஸ் என்ற இடத்தில் அந்தப் பயனரின் அமர்வு எண்ணைக் கொடுங்கள். ஒரே பயனர் எப்போதும் அதே பிரதிகளையே அடைவார்.

வாசல்

இடையில் நுழைவதற்குப் பொறுக்கவும். இடமாற்றத்தை நிறுத்த எளிய வழி, வெளியான நேரத்தை மில்லிவினாடியில் மதிப்பெண்ணோடு கூட்டிவிடுவதுதானே? இரண்டு கட்டுரைகளுக்கு ஒரே மதிப்பெண் வரவே வராது.

அளவுகோல்

அப்படிச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். மதிப்பெண் 32 பிட் தசம எண். அதில் 16777216-க்கு மேல் எல்லா முழுஎண்களையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. இன்றைய நேரத்தை மில்லிவினாடியில் எழுதினால் 13 இலக்கம். அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம் 131072, அதாவது 2 நிமிடத்துக்கு மேல். அதற்குள் வெளியானவை ஒரே மதிப்பெண்ணாகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, 12 என்ற சொற்பொருத்த மதிப்பெண்ணை அந்த எண்ணோடு கூட்டினால் தடயமே இல்லாமல் மறைந்துவிடும். தேடல் வெறும் தேதிவரிசையாகிவிடும். வரிசைப்படுத்தலில் முதலில் மதிப்பெண், அடுத்துத் தேதி என்று இரண்டு படிகள் கொடுத்தாலே போதும்.

பொதுவாகவே கூட்டலை நான் தவிர்ப்பேன். பிஎம்25 மதிப்பெண்ணுக்கு நிலையான உச்சம் கிடையாது. ஒரு சொல் தேடலில் 3 வரும், ஐந்து சொல் தேடலில் 25 வரும். வாசிப்புக்காக 5 கூட்டினால் முதலாவதில் அது ஆட்சி செய்யும், இரண்டாவதில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெருக்கினால் எந்தத் தேடலிலும் அதே விகிதம்.

ஆனால் பெருக்கும் எண்ணுக்கு எல்லை வேண்டும். லாக் மெதுவாக வளர்ந்தாலும் நிற்காமல் வளர்கிறது. அதற்குப் பதில் சாச்சுரேஷன் என்ற உள்ளமைந்த சார்பு இருக்கிறது: வாசிப்பு ÷ (வாசிப்பு + கே). கே என்பது நாம் தேர்ந்தெடுக்கும் எண்; கே 100 என்றால் 100 வாசிப்புக்கு 0.5, 900-க்கு 0.9, எவ்வளவு கூடினாலும் 1-ஐத் தாண்டாது. மதிப்பு இல்லாத ஆவணத்துக்கு நான் முன்பு கேட்ட நடுவான எண்ணும் இதில் இயல்பாகவே கிடைக்கிறது: 0.5.

முதல்படி

வாசிப்பை நாட்களால் வகுப்பதைக் கைவிட்டுவிட்டு, வயதுக்கென்று தனியாக ஒரு தேய்வுச் சார்பு வைப்பது நல்லது. இங்கே வளைவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. எடுத்துக்காட்டுகளில் எல்லாம் காஸ் வளைவே வருவதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். ஸ்கேல் (தேய்வை அளக்கும் கால அளவு) 180 நாள், டிகே (அப்போது எஞ்சும் பங்கு) 0.5 என்று வைத்தால், 180-ஆம் நாளில் லீனியர், காஸ், எக்ஸ்ப் ஆகிய மூன்று வளைவுகளும் 0.5 தரும். 360-ஆம் நாளில் லீனியர் 0 ஆகிவிடும். காஸ் 16-இல் ஒரு பங்கு. எக்ஸ்ப் 4-இல் ஒரு பங்கு. 540-ஆம் நாளில் காஸ் 512-இல் ஒரு பங்கு, எக்ஸ்ப் 8-இல் ஒரு பங்கு. செய்திக்கு காஸ் பொருந்தலாம். பழைய கட்டுரைகளுக்காகவே உள்ள தொகுப்பில் அது தொகுப்பையே அழித்துவிடும். ஸ்கிரிப்ட்டுக்குள் இந்தச் சார்புகளை அழைக்கும்போது, இப்போது என்பதற்கான நவ் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது. தொடக்கத் தேதியை பேரம்ஸ் வழியாகவே தர வேண்டும்.

நிரல்வழி

வேகத்தைப் பற்றி ஒரு வரி. பொருந்தும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், எனவே வடிகட்டக்கூடியதை முதலில் ஃபில்டரில் வடிகட்டுங்கள். ரீஸ்கோர் மூலம் மேலே உள்ள சிலவற்றுக்கு மட்டும் ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் அதன் சாளர அளவு (மறுகணக்கிடும் ஆவணங்களின் எண்ணிக்கை) இயல்பாக ஷார்டுக்கு 10 மட்டுமே, சாளரத்துக்கு வெளியே நிற்கும் கட்டுரையை எந்த ஸ்கிரிப்ட்டாலும் மேலே கொண்டுவர முடியாது.

ஏட்டகம்

இரண்டு நாள் சோதித்துவிட்டு எழுதுகிறேன். ஸ்கிரிப்ட்-ஸ்கோர் வினவலுக்கு மாறிவிட்டேன். இப்போதைய சூத்திரம்: வினவல் மதிப்பெண் × (1 + 0.5 × சாச்சுரேஷன்) × (0.4 + 0.6 × எக்ஸ்ப் தேய்வு). எவ்வளவு பழையதானாலும் ஒரு கட்டுரை தன் மதிப்பெண்ணில் 40 விழுக்காட்டை இழக்கக் கூடாது என்பதற்காகவே அந்த 0.4. வாசிப்பு இல்லாதவற்றுக்கு அளவுகோல் சொன்ன 0.5-ஐ வைத்தேன். நேரம் பேரம்ஸ் வழியாக, மணி வட்டத்தில் செல்கிறது. கம்பைல் வரம்புப் பிழை அதன்பின் வரவில்லை.

முதல்படி சொன்ன நான்கு மாதிரி ஆவணங்களையும் ஓட்டினேன். பின்னர் உண்மையான ஒரு கட்டுரையை எடுத்துக் கையால் கணக்கிட்டேன்: வினவல் மதிப்பெண் 6.4, வாசிப்பு 300, எனவே சாச்சுரேஷன் 0.75, முதல் அடைப்பு 1.375, வயது சரியாக 180 நாள், தேய்வு 0.5, இரண்டாம் அடைப்பு 0.7. பெருக்கினால் 6.16. எக்ஸ்பிளைன் காட்டியதும் 6.16.

அளவுகோல்

சூத்திரம் சரி, விளக்கத்தில் ஒரு திருத்தம். 0.4 என்பது எஞ்சும் பங்கு. இழக்கும் பங்கு 60 விழுக்காடு வரை போகலாம். 40-க்கு மேல் இழக்கக் கூடாது என்பதே உங்கள் விருப்பம் என்றால் 0.6 + 0.4 × தேய்வு என்று மாற்ற வேண்டும். அப்போது அதே கட்டுரைக்கு 7.04 வரும்.

ஏட்டகம்

என் விருப்பம் அதுதான், எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். மாற்றி ஓட்டிவிட்டேன், 7.04 வருகிறது.